அன்னாரின் பிள்ளைகள்

பெற்ற தாயின் மரண அறிவித்தலில் பெயர் இல்லாமல் போன பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஹம்சிகா அப்படியொருத்தி. பதினொரு மாதத்துக்கு முன் அவளுடைய அம்மா சறோஜினிதேவி கண்ணை மூடியபோது பேப்பரில் கட்டம் போட்டு வந்த அறிவித்தலில், முத்துலிங்கத்தின் அன்பு மனைவி இருந்தார், ரஜனியின் (கனடா) பாசமிகு தாயார் இருந்தார், கஜீவனின் (கனடா) அன்பு மாமியாரும் இருந்தார். ஹம்சிகாவின் தாயார் என்று ஒரு சொல் இல்லை. பொரளை மலர்ச்சாலையில் அம்மாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதவளிடம், அந்தப் பேப்பரைக் கையில் மடித்து வைத்திருந்த ஒரு மாமி, "நீங்கள் அவவுக்கு என்ன முறை பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அறிவித்தலை எழுதிக் கொடுத்தவர் வேறு யாருமில்லை, அப்பாதான். முத்துலிங்கத்தார் வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தேத்தண்ணியோடு அவர் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். எவருடைய பிள்ளை எந்த நாட்டில், எந்த மருமகன் எந்த ஊர், எல்லாம் மனுசனுக்கு அத்துப்படி. சொந்த மகள் நிஹ்லா என்கிற பெண்ணோடு குடும்பமாக வாழ்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அவளோடு மட்டும் கதைப்பதை விட்டுவிட்டார். அம்மா விடவில்லை. அவர் குளிக்கப் போகிற ஏழரை மணி பார்த்துத் தினமும் போன் எடுப்பார். "சாப்பிட்டியா? அந்தப் பிள்ளையும் சாப்பிட்டுதா?" அவ்வளவுதான் கதை. இப்போதும் ஏழரை ஆனால் ஹம்சிகாவின் கை போனைத் தேடுகிறது. எத்தனை சொன்னாலும் அந்தக் கைக்கு விளங்குவதில்லை.

செத்தவீடு முடிந்ததும் அக்கா ரஜனி கனடாவிலிருந்து சண்டை பிடித்து, தங்கையோடு உளவளத்துணையாளர் றோஸியிடம் போகும்படி அப்பாவை அனுப்பினாள். அவர் சம்மதித்ததற்கு இரண்டு காரணம். றோஸியின் அறை கொட்டாஞ்சேனையில். அவர் இருக்கிற வெள்ளவத்தையில் என்றால் லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் ஊரே அறிந்துவிடும். மற்றது, மகளை மாற்றித் தரப்போகிறார்கள் என்று நினைத்தார். முதல் நாளே, "எத்தினை மாசம் எடுக்கும் மிஸ்?" என்று கேட்டும் விட்டார்.

"இது மருந்து குடுத்து மாத்திற வருத்தமில்லை ஐயா. அவவில மாத்த ஒண்டும் இல்லை," என்றார் றோஸி. "உங்கட மகள் உங்களோட கதைக்க வந்திருக்கிறா. அதுக்குத்தான் இந்த அறை."

மனுசன் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் ஹம்சிகா நினைத்தாள். போகவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த சனியும் வந்து அப்படியே இருந்தார். நாலாம் மாதம்தான் வாய் திறந்தது. "உன்ட பேரைப் போட்டா, இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை எங்கை எண்டு கேப்பினம். அதுதான் விட்டனான்." சொல்லிவிட்டு அழுதார். ஹம்சிகாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் இருந்தாள். றோஸி இருவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது அம்மாவின் முதலாம் வருட ஆட்டைத் திவசம் வருகிறது. பேப்பரில் நினைவஞ்சலி போட வேண்டும், எழுதிக்கொண்டு வருகிறேன் என்று போன சனி அப்பா சொன்னார். அன்றிலிருந்து ஹம்சிகாவுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. அம்மாவின் பெயருக்குக் கீழே தன் பெயர் வரவேண்டும். நகையோ வீடோ அவள் கேட்கவில்லை, அது ஒன்றைத்தான் கேட்டாள்.

கல்கிசையில் இருவரும் இருக்கிற வீட்டில், இந்தச் சனி புறப்படும்போது நிஹ்லா அவளுடைய தலையை வாரிவிட்டாள். "ஒன்ட பேரு வந்தாப் போதும். வெட்டி எடுத்துட்டு வா, பிரேம் போடுவோம்," என்றாள். பிறகு சிரித்தாள். "எங்கட நானாவும் வாசிப்பார். பேப்பர்ல ஒரு மூலையும் உட மாட்டார்."

நானா என்பது அவளுடைய மூத்த அண்ணன். தங்கை தன்னோடு வேலை செய்கிற கந்தோர்த் தோழியோடு வாடகைக்கு இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர். உண்மை தெரிந்தால் அன்றைக்கே அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். பொலிசுக்குப் போகலாம் என்றால், அங்கே சட்டமும் இவர்களுக்கு எதிர்தான்.

பத்து மணிக்கு றோஸியின் அறையில் அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து றோஸியிடம் நீட்டினார்.

"எனக்கில்லை ஐயா. அவவிட்டக் குடுங்கோ."

வங்கிக்காரரின் அச்சடித்த மாதிரி எழுத்து. 'அன்னாரின் பிள்ளைகள்: ரஜனி (கனடா), ஹம்சிகா (கொழும்பு).' அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். அதற்குமேல் கண்ணீர் மறைத்தது. துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். 'மருமக்கள்: கஜீவன் (கனடா), நிஹ்லா (கொழும்பு).'

"அம்மாவின்ட போனைத் திறந்து பாத்தனான்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு உனக்குத்தான் எடுத்திருக்கிறா. எனக்கு ஒளிச்சுச் செய்திருக்கிறா. நான் எல்லாருக்கும் தெரியச் செய்வம் எண்டு பாத்தன்."

ஹம்சிகாவின் நெஞ்சு நிறைந்து வழிந்தது. இப்படியொரு வரியைக் கனவில்கூடக் கேட்க அவள் துணிந்ததில்லை. அந்த நிறைவு ஒரு நிமிடம்தான் நின்றது. பிறகு நானாவின் நினைவு வந்தது.

"அப்பா, நிஹ்லாவின்ட பேர் வேண்டாம்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏன் பிள்ளை? நான் பிழை விட்டிட்டனோ?"

"இல்லை அப்பா. இதை அவளின்ட நானா வாசிச்சா, அவளைப் பிறகு என்னோட இருக்க விடமாட்டினம்."

றோஸியின் மேசையில் இருந்த பேனையை எடுத்தாள். ஒரு பெயர் இல்லாததற்கு ஒரு வருடம் அழுதவள், தன் கையாலேயே ஒரு பெயரை வெட்டினாள். கோடு நேராக வரவில்லை, கை அப்படி நடுங்கியது. அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ட பேரை விடேக்க என்ட கை நடுங்கேல்லை," என்றார்.

கீழே தெருவில் ஒரு ஓட்டோ ஓயாமல் ஹோர்ன் அடித்தது. அப்பா தாளை வாங்கி, வெட்டிய இடம் உள்ளே போகும்படி மடித்துப் பையில் வைத்தார்.

"திவசத்துக்கு வீட்டை வாறது எங்கட ஆக்கள் இருபது பேர்தான். ஒருத்தருக்கும் அவவின்ட நானாவைத் தெரியாது. அவவைக் கூட்டிக்கொண்டு வா."

"ஆர் எண்டு கேட்டா, அப்பா?"

"நான் சொல்லுறன். ஆனா வாற ஆக்களோட பந்தியில இருக்க வேண்டாமெண்டு சொல்லு. வீட்டு ஆக்கள் பரிமாறிப்போட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுறது. அவ எங்களோட சாப்பிடட்டும்."

ஹம்சிகா தலையை ஆட்டினாள். அந்தப் பிள்ளையும் சாப்பிட்டுதா என்று கேட்க அம்மாதான் இல்லை.