கதவருகே ஒரு வளைவு

மிதிவண்டியை ஓட்டியவள் அக்கா. பின்னால் உட்கார்ந்திருந்து விழுந்தவள் தங்கை. தங்கைக்கு வயது ஏழு, இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. அக்காவுக்குப் பத்து, ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, மூன்று நாளாகத் தங்கை அவளோடு பேசவில்லை. அக்கா அறைக்குள் நுழைந்தால் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். பிறகு அக்கா உள்ளே போவதையே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். அவர் பிளம்பர்.

"கூடத்துலேர்ந்து அவ கட்டில் வரைக்கும் ஒரு கோலி ஓடணும்ப்பா. நான் உள்ள போகாமயே அவகிட்ட போய்ச் சேரணும்," என்றாள் அக்கா.

அப்பா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அளவுநாடாவை எடுத்தார்.

டிஷ்யூ சுருள் தீர்ந்த அட்டைக் குழாய்களை நீளவாக்கில் வெட்டி, ஒன்றோடொன்று செருகி செலோடேப் ஒட்டினார்கள். அலமாரியின் மேல்தட்டில் தொடங்கிய தடம் நாற்காலி முதுகு, துணிக்கூடை, அடுக்கிய பாடப்புத்தகங்கள் என்று இறங்கி, கதவருகே திரும்பி, கட்டிலோரம் வைத்த எவர்சில்வர் டம்ளரில் முடிந்தது. அறைக்குள் இருந்த பகுதியை அப்பாவே ஒட்டினார். தங்கை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோலி. விட்டார்கள். கதவருகே வளைவில் துள்ளித் தரையில் விழுந்தது.

"சரிவு போதல," என்று அப்பா தொடக்கத்தை உயர்த்தினார். மறுபடி விழுந்தது. இன்னும் உயர்த்தினார். இருபது வருடமாகக் கழிவுக்குழாய் போடுகிறவர். எது போய்ச் சேராவிட்டாலும் அவருக்குச் சரிவுதான் குறை.

"அப்பா, வேகம்தான் ஜாஸ்தியாகுது."

"சும்மா இரு. எத்தனை வீட்டுக்குப் போட்டிருக்கேன்!"

"அதுல தண்ணிதானப்பா ஓடுது?"

ஐந்தாவது முறையும் டொக்.

"ஐயோ, ரெண்டு மக்கும் சேர்ந்து என் உயிர வாங்குதுங்க!" உள்ளேயிருந்து குரல் வெடித்தது. "கதவுகிட்டதான் விழுது, சத்தம் கேக்கலயா? அந்த வளைவுல அட்டைய வச்சு மறைங்களேன்!"

அப்பா அக்காவைப் பார்த்தார். அவள் அதற்குள் பழைய நோட்டின் அட்டையைக் கிழித்து, வளைவின் வெளிப்பக்கம் சுவராக நிறுத்திக்கொண்டிருந்தாள். உயர்த்தியதையெல்லாம் அப்பா சத்தமில்லாமல் இறக்கிவைத்தார்.

கோலி அட்டையில் உரசித் திரும்பியது. கதவைத் தாண்டியது. டங்.

அக்கா அறை வாசலில் நின்று, "கோலியக் குடுடி, இன்னொரு தடவ விடலாம்," என்றாள்.

"அது என்ன, ஏறியா வரும்? நீ வந்து வாங்கிக்கோ."

தடத்தில் இடித்துவிடாமல் ஒருக்களித்து அக்கா உள்ளே போனாள்.