எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீடு, மனை பற்றி மாதாமாதம் வரும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "வீடு வாங்கி வாடகைக்கு விடுறவங்களுக்கு உபயோகமா ஒரு கட்டுரை வேணும். நாலு யோசனை, சுருக்கமா" என்றார். என் பெயரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது என்றேன். "அதனால என்ன? பதினோரு வீட்டுல குடியிருந்திருக்கீங்கல்ல. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கட்டுரைதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது யோசனைக்கு வரும்போது ஒரு மனிதர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். காலி பண்ணச் சொன்னால் பண்ணுகிற ஆள் இல்லை. வீட்டுக்காரர் ஆயிற்றே.

2

தொடங்கிப் பார்த்தவை:

"வாடகை வீடு என்பது வெறும் நான்கு சுவர்கள் அல்ல, அது ஒரு—" இல்லை, நான்கு சுவர்கள்தான். சுவர்தான் இந்தக் கதையின் பிரச்சினையே.

"முதலீட்டு நோக்கில் வீடு வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது—" எனக்கே கொட்டாவி வருகிறது. (யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் வாங்குங்கள். குழாய் ஒழுகும்போது பேருந்துக்குக் காத்திருக்க முடியாது.)

"மருந்துக்கடைக்காரர் மாடியில் இருந்தார், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்." இது நிற்கிறது. இப்படியே போவோம்.

3

மருந்துக்கடைக்காரர் கடையை விற்று ஆறு வருடம் ஆகிறது. கடைதான் போனது, பழக்கம் போகவில்லை. வீட்டுச் சாவி ஒவ்வொன்றும் ஒரு மாத்திரை உறைக்குள் இருக்கும். மேலே "முன்கதவு", "பின்கதவு", "மீட்டர் பெட்டி" என்று அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதியையும், அடுத்துக் கழுவ வேண்டிய தேதியையும் தொட்டியிலேயே ஒட்டி வைத்திருப்பார். அந்தக் காலத்தில் சீட்டில்லாமல் மருந்து கொடுக்க மாட்டார். இப்போது குடியிருப்பவர் வாயைத் திறந்தாலே போதும், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்பார்.

(யோசனை: இதைக் கிண்டல் செய்யாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். சாவி கொடுக்கிற அன்றைக்கே சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு இரண்டு வருடம் போனால் ஆளுக்கொரு விதமாக ஞாபகம் இருக்கும்.)

முதலில் இவரைக் கஞ்சப் பிசினாறியாகத்தான் எழுதினேன். எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் பொய். போன மழையில் கீழ்வீட்டுச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டபோது, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பத்தே நிமிடத்தில் ஸ்பானரோடு வந்து நின்றவர் அவர். மாற்றுச் சாவி கையில் இருந்தும் ஒருநாள்கூடக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததில்லை. அதனால் அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். கெட்டவர் முடியாது என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். நல்லவர் முடியாது என்றால் என்ன செய்வது?

4

கீழ்வீட்டில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் இருந்தார்கள். அவளுக்கு அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை; அடுத்தவர் எழுதியதில் காலும் கொம்பும் புள்ளியும் சரிபார்த்தே கண்ணாடி கனமாகிவிட்டவள். அப்பா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். போன செவ்வாய்க்கிழமை காலை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விழும்போது எட்டிப் பிடித்த துண்டுக்கொக்கி கையோடு வந்துவிட்டது. இடுப்பு தப்பியது, மணிக்கட்டு வீங்கியது. "அடுத்த தடவை இப்படித் தப்பிக்க மாட்டார். சுவத்துல ஒரு கைப்பிடிக் கம்பி வச்சிடுங்க" என்றார் மருத்துவர்.

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் ஊரையே கம்பியப் புடிச்சு நில்லுங்கன்னு கத்தினவன் நான். எனக்குப் புடிக்க ஒரு கம்பி இல்ல பாத்தியா."

சிரித்தாரே தவிர, அன்றிலிருந்து குளிக்கப் போக அவருக்குப் பயம். கதவைத் தாழிடாமல் குளித்தார். மகள் வெளியே நின்றுகொண்டு நிமிடத்துக்கொரு தரம் "அப்பா?" என்பாள். உள்ளேயிருந்து "இருக்கேன், இருக்கேன்" என்று பதில் வரும். ஒரு தரம் பதில் வரச் சற்றுத் தாமதமானது. சோப்பு நுரை வாய்க்குள் போய்விட்டதாம். அதற்குள் அவள் கதவைப் பாதி திறந்துவிட்டிருந்தாள்.

அன்றே மாடிப்படியில் வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"சார், பாத்ரூம்ல ஒரு கம்பி வைக்கணும். நாலே நாலு ஓட்டை."

"அப்பா இப்ப எப்படிம்மா இருக்கார்?"

"பரவால்ல சார். அந்த ஓட்டை..."

"ஆணியே அடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கேம்மா."

"ஆணி இல்ல சார், ஸ்க்ரூ."

மேலேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "நாலு ஓட்டைதானே? சுவர் என்ன அழவா போகுது?"

"நீ சும்மா இரு" என்று மேலே பார்த்துச் சொன்னவர், இவள் முகத்தைப் பார்க்காமல் சாவி உறைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

5

இப்போது கதை சொல்பவர் மாடியேறி அவர் தலைக்குள் புகுந்து பார்க்க வேண்டும்.

இவர்களுக்கு முன்னால் குடியிருந்தவர் கண்ணாடி மாட்ட அதே சுவரைத் துளைத்தார். உள்ளே போன தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்தது. பாதிச் சுவருக்கு டைல்ஸைப் பெயர்த்தார்கள். யார் மேல் தப்பு என்று சண்டை வந்து அவர் காலி செய்துகொண்டு போனார்; சுவர் காயும்வரை வீடு பூட்டிக் கிடந்தது. குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அதைப் பதித்த பிளம்பருக்கு மட்டும்தான் தெரியும். அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. (இதையெல்லாம் வீட்டுக்காரர் மனைவி துணி உலர்த்தும்போது சொன்னார். யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள்.)

ஆக, அவருக்குக் கம்பி மேல் கோபமில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சுவர் அவருக்கு லேபிள் கிழிந்த மருந்துப் புட்டி. அதை யாருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை.

(யோசனை: சுவரைப் பூசுவதற்கு முன் குழாய்களைப் படம் எடுத்து வையுங்கள். இந்தக் கட்டுரையில், மன்னிக்கவும், கதையில், காசு பெறும் யோசனை இதுதான். இன்னொன்றும் உண்டு: வீட்டைத் தன் வீடு போல வைத்துக்கொள்ளும் குடி போய்விட்டால் அடுத்த ஆள் அப்படி அமைவது அதிர்ஷ்டம். இந்த வரியைச் சிலர் இரண்டு முறை படிக்கலாம்.)

6

முடிவுகள்.

முதலாவது: அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போகிறாள். பெட்டிகளை மறுபடி கட்டுகிறாள். பன்னிரண்டாவது வீடு. (பன்னிரண்டா? யாருக்கு? பிழைதிருத்தும்போது பார்க்க வேண்டும்.)

இரண்டாவது: வீட்டுக்காரர் வெளியே போன சமயம் பார்த்து அவளே துளைக்கிறாள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. அப்பா ஒருவழியாகப் பயமில்லாமல் குளிக்கிறார், ஆனால்— வேண்டாம்.

மூன்றாவது: மருந்துக்கடைக்காரர் கண்கலங்கி மனம் திருந்துகிறார். கண்கலங்குகிற ஆளா அவர்? திருந்துவதற்கு அவர் கெட்டவரும் இல்லை.

7

பன்னிரண்டில் மாட்டிக்கொண்டேன். ஊரார் பிழையெல்லாம் பார்ப்பவள், என் பிழையை விட்டுவிட்டேன் பாருங்கள். சரி, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

அன்றைக்கு அவர் எழுத்தில் கேட்டதும் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு—" கசக்கினேன். "சார், அப்பாவுக்கு எதாவது ஆகிவிட்டால் என்னால்—" அதையும் கசக்கினேன். ஐந்து தாள் போயிற்று. கெஞ்சவும் வரவில்லை, சண்டை போடவும் வரவில்லை. ஆசிரியர் கூப்பிட்டது அப்போதுதான்.

சார், எழுத்தில் கேட்டீர்கள். இதோ கொடுத்துவிட்டேன். இந்தப் பிழைதிருத்தும் படியை இன்று உங்கள் கதவிடுக்கில் செருகுகிறேன். கூடவே ஒரு தாள் இருக்கும். அந்தப் பிளம்பரை அப்பா கண்டுபிடித்துவிட்டார். வருடக்கணக்காக அப்பாவின் பேருந்தில் ஏறி, ஒருநாளும் கம்பியைப் பிடிக்காத ஆளாம். மறக்க முடியுமா என்கிறார். பிளம்பர் கைப்பட வரைந்த படம் அது. குழாய் இடது பக்கமாக ஏறுகிறது. வலது பக்கம் வெறும் செங்கல். லேபிள் ஒட்டுவது உங்கள் விருப்பம்.

எட்டாவது பகுதியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நீங்கள் என்ன எழுதினாலும் ஒரு புள்ளி மாற்றாமல் போடுவேன். நீங்கள் ஒன்றும் எழுதாவிட்டால் காலியாகவே அச்சாகும். அப்போது மற்ற வாசகர்கள் அவரவர் வீட்டை நினைத்துக்கொண்டு எழுதிக்கொள்ளட்டும்.

8

[பென்சிலில், குண்டு குண்டான கையெழுத்தில்:]

ஸ்க்ரூ எத்தனை அங்குலம்? எழுத்துல குடுங்க.