அத்தாவின் வாட்சுக்குப் பொருத்தமான ஸ்ட்ராப்

அந்த வாட்சைப் பற்றி ஹாதிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பாரிசிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அவனைப் பெற்ற அத்தா அப்துல் முத்தலிபுக்கு அதைக் கொடுத்தபோது ஹாதி பிறக்கவே இல்லை. ஆனாலும் எந்த வருஷத்து மாடல், சாவி கொடுக்காமல் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்தான். நேரு வீதியில் செல்போன் கடை நடத்துபவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அவன் கண்ணை உறுத்தியது அதன் செயின்தான். முலாம் போய்ப் பல்லிளித்த ஸ்பிரிங் செயின். இழுத்தால் விரியும், கையை நுழைத்தால் சுருங்கிக்கொள்ளும், சமயத்தில் முடியையும் பிடுங்கும். "இவ்ளோ நல்ல வாட்சுக்கு இந்தக் கருமமா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி வாங்கிக்கொண்டான். முதலில் வாங்கிய தோல் ஸ்ட்ராப் அகலம் கூடிப்போய் உள்ளே நுழையவில்லை. அடுத்து வாங்கிய கறுப்பு, பழுப்பேறிய டயலுக்கு எடுபடவில்லை. அப்புறம்தான் அமைந்தது, தேன் நிறத்தில், விளிம்பெல்லாம் தைத்து, பக்கிள் வைத்த ஒன்று. பொருத்தி முடித்துத் தன் கையில் கட்டி, தன் கையையே போட்டோ எடுத்து, "அத்தாவுக்கு என் பரிசு" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். பாராட்டு வந்து குவிந்தது. அது யார் கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அத்தா அந்தப் பக்கிளையே வெகுநேரம் பார்த்தார். ரசிக்கிறார் என்று ஹாதி நினைத்துக்கொண்டான்.

"நல்லாருக்குப்பா" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிட உட்காரும்போது அத்தாவின் கை வெறுமையாக இருந்தது. "வாட்ச் எங்கத்தா? புடிக்கலியா?" என்று ஹாதி முகத்தைத் தொங்கப்போட்டான். மறுநாளிலிருந்து வாட்ச் கையில் இருந்தது. தூங்கும்போதுகூட அத்தா கழற்றவில்லை. அதில் ஹாதிக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன வருஷம் ஒருநாள் சட்டைப் பித்தானைப் போட்டுவிடச் சொல்லி அத்தா வந்து நின்றதையும், "ஒரு நிமிஷம் அத்தா" என்று போனில் பேசியபடியே தான் வெளியே போனதையும் அவன் மறந்திருந்தான். அதற்குப்பின் அத்தா பித்தான் இல்லாத ஜிப்பாவுக்கு மாறினார். வயசானால் மார்க்கப்பற்று கூடும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

அவன் மனைவி ரூமானாதான் ஒருநாள் சொன்னாள். "மாமா நம்ம தெருப் பள்ளிவாசலுக்குப் போறதே இல்லீங்க. இந்த வெயில்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்குற பள்ளிக்கு நடந்து போறாங்க. கேட்டா சிரிக்கிறாங்க. என்னான்னு போய்ப் பாருங்களேன்."

மதியத் தொழுகைக்கு ஹாதி அங்கே போனான். உள்ளே பாதிப்பேர் பையும் கையுமாக வந்த வெளியூர்க்காரர்கள். தொழுமுன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் அத்தா முகம் தெரியாத ஓர் இளைஞனிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் மாட்டி வுடுறியா? கம்பி ஓட்டைல போவ மாட்டேங்குது."

நீட்டிய கை நடுங்கியது. இன்னொரு கையும் நடுங்கியது. ஹாதி தூணோரமாக நின்றுவிட்டான். அத்தா டீயைச் சிந்துகிறார், டம்ளர் நிறைய ஊற்றாதே என்று ரூமானாவிடம் எரிந்து விழுந்தவன்தான் அவன். சிந்திய டீயைப் பார்த்தவன் கையைப் பார்க்கவில்லை.

இளைஞன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்ட்ராப்பைப் பிடித்தான். "இது உங்களுக்குச் சரிப்படாது பாய். இழுத்து மாட்டுற செயினா இருந்தா நீங்களே போட்டுக்கலாம்ல? வீட்ல பசங்க யாரும் இல்லியா?"

"ஒரு பையன். பிரான்சுல இருக்கான். ஆசையா வாங்கி அனுப்புனான். என் கை இப்டி ஆடறது அவனுக்குத் தெரியாது."

ஹாதிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறவன் அவன். அத்தா சொன்னதில் பாதிதான் பொய். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. அது இன்னும் கேவலம் என்று பட்டதால் முன்னால் போனான்.

"குடுங்க, நான் மாட்டுறேன்."

அத்தா நிமிர்ந்தார். அவனைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. தன் எதிரே அத்தா தலைகுனிந்து நின்று ஹாதி பார்த்ததே இல்லை.

"தெரிஞ்சவரா?" என்று கேட்டான் இளைஞன்.

மகன் என்று சொன்னால், பள்ளிவாசலில் வைத்து அத்தாவைப் பொய்யராக்க வேண்டும்.

"பக்கத்து வீடு" என்றான் ஹாதி.

ஸ்ட்ராப்பை இழுத்துக் கடைசி ஓட்டையில் கம்பியை விட்டான். அப்போதும் தளர்வாகத்தான் இருந்தது. அத்தாவின் மணிக்கட்டு இவ்வளவு மெலிந்திருப்பதும் அவனுக்குப் புதுச் செய்தி.

"நல்லதாப் போச்சு" என்றான் இளைஞன். "அந்தப் பையன் நம்பர் இருந்தா ஒரு போன் போட்டுச் சொல்லுங்க பாய். பாவம், அவருக்குத் தெரியாதுல்ல."

"சொல்றேன்" என்றான் ஹாதி. அத்தாவின் கையை அவன் விடவில்லை. அது அவன் பிடிக்குள்ளும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.