அந்தபோதிதோமிக்கு அரை மணி நேரம்

அச்சகத்தில் புதிய காகித வெட்டு இயந்திரத்தை ஜெபித்துத் தொடங்கி வைத்தவர் போதகர்தான். கால் மணி நேரத்தில் அது வெட்டுக்காரனுடைய வலது கை விரல்களில் நான்கை எடுத்துக்கொண்டது. கத்திக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்பு, தொடக்க விழாப் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று முதலாளி அதைக் கழற்றச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டவர்களில் போதகர் ஒருவர்தான் வெளியாள். மற்றவர்கள் அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள். அன்று பார்த்து எல்லாருக்கும் காது அடைத்திருந்தது.

தடுப்பை வெட்டுக்காரனே கழற்றிவிட்டான் என்று முதலாளி தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். மறுத்து, சாட்சியோடு புகார் கொடுக்க முப்பது நாள் கெடு. வெட்டுக்காரனின் மனைவி மூன்று முறை வந்தபோதும் போதகர் உபவாசத்தில் இருந்தார். முப்பதாம் நாள் நாலரை மணிக்குத்தான் சபையின் மாடி வகுப்பறையில் பிடிபட்டார். தொழிலாளர் அலுவலகம் எதிர்ச்சாரியில்தான். ஐந்து மணிக்குக் கதவை இறக்கிவிடுவார்கள்.

"சாட்சிக் கையெழுத்து மட்டும் போதும் ஐயா."

"போடலாம்மா. பழிக்குப் பழி கேக்கறியா?"

"இல்லீங்க. அவரா கழட்டலன்னு சொன்னா போதும்."

போதகர் அதற்குள் கரும்பலகைக்குப் போய்விட்டார். அந்தபோதிதோமி என்று எழுதி, மூன்று துண்டாக்கினார். பதிலுக்கு, திரும்ப, கொடுப்பது.

"கிரேக்க வார்த்தை. நல்லதுக்கும் இதான், கெட்டதுக்கும் இதான். யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கணுமோ அதை ஆண்டவர் கொடுப்பார். நாம கை நீட்டக் கூடாது."

"அவருக்கு நீட்டக் கை இல்லீங்க ஐயா."

போதகர் பலகைப் பக்கம் திரும்பினார். கிரேக்கம் காப்பாற்றியது.

"கொடுப்பார்மா. எப்பன்னு மட்டும் அவர் சொல்லல."

"இவங்க சொல்லியிருக்காங்க. அஞ்சு மணின்னு."

"அவ்வளவுதானே? போடறேன். ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போடறேன்."

அந்தச் சபையில் சின்ன ஜெபம் என்றால் என்னவென்று குழந்தைகளுக்கும் தெரியும். நடுவில் எழுந்து போனவர் இதுவரை கிடையாது. இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வார்கள். அவளும் கண்ணை மூடினாள். போதகர் உலகத் தலைவர்களில் தொடங்கினார். பஞ்சம், போர், மருத்துவமனைகள் என்று சுற்றிவிட்டு அச்சகத்துக்கு வந்து, முதலாளிக்கு நீண்ட ஆயுள் கேட்டார். அப்போது எதிர்ச்சாரியில் இரும்புக் கதவு கடகடவென்று இறங்கியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது.

"ஆமென்" என்றார். பழக்கதோஷம், அவளும் சொன்னாள்.

போதகர் தன் பட்டங்களையெல்லாம் சேர்த்து, ஒரு புள்ளி விடாமல் கையெழுத்துப் போட்டார். "இப்ப மனசு லேசா இருக்கா?"

அவள் தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். கீழே, இறங்கிய கதவின் முன்னால் அவள் கணவன், ஐந்து விரலும் மிச்சமிருக்கிற கையை விரித்து, அஞ்சே நிமிஷம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். காவலாளி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்தார்.