அழகன் கங்காணி வைத்துக்கொண்ட லென்ஸ்

அழகன் கங்காணிக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து பூரணிக்கு நல்ல காலம். அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையின் உச்சியில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். குவைத்தில் வேலை செய்யும் மகள் கிருஷாந்திக்கோ இங்கே காலை பத்து மணியாகும்போதுதான் ஓய்வு. தினமும் பூரணி உச்சியில் நின்று மகளோடு பேசுவாள். கீழே நின்று வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அவளை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் நிழல் மரத்தைப் பார்த்து, "ஏய், என்னா சும்மா நிக்கிற?" என்று அதட்டுவார்.

இப்போது ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வைக்கப்போகும் லென்ஸில் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டுமா, கிட்டத்தில் தெரிய வேண்டுமா என்று யோசித்து வரும்படி டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார்.

"கிட்டத்துக்கே வச்சிக்கங்க கங்காணி," என்றாள் பூரணி அவசரமாக. "சோத்துல கல்லு கெடந்தா தெரிய வேணாமா? தூரத்துல என்னா இருக்கு, வெறும் மலைதானே!"

"என்மேல இம்புட்டு அக்கறையா ஒனக்கு?" கங்காணி நெகிழ்ந்துபோனார். அப்படியே செய்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவர், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பூரணியின் கூடைக்குள் கையை விட்டு அள்ளிக் கண்ணருகே பிடித்தார்.

"இது முத்தல், இது காம்பு, இது... புல்லு! ஏம்புள்ள, இத்தன நாளா இதையா கொழுந்துன்னு குடுத்த? நாளையிலேருந்து எல்லாத்தையும் பொறுக்கி எறிஞ்சிட்டுத்தான் கொண்டாரணும்!"

மறுநாள் பத்து மணிக்கு உச்சியில் போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கூடைக்குள் துழாவிய பூரணி, "சுருக்கா பேசு புள்ள," என்றாள். "கங்காணிக்குக் கண்ணு நல்லாயிருச்சு. நான்தான் நாசமாப் போயிட்டேன்."