தொடாத பாற்சோறு

“உங்கட பிள்ளைதான் தொடங்கினவ. இப்ப வகுப்பே என்ர பிள்ளையை ‘மாசி’ எண்டு கூப்பிடுது,” என்று தயாபரன் படலையில் நின்று கத்தினான்.

“பள்ளிக்கூடக் கதையை இஞ்ச வந்து கத்தாதையும்.” பவதாரணியும் குரலைக் குறைக்கவில்லை. இறுப்பிட்டியில் நாலு வீட்டுக்குக் கேட்காத சண்டை ஒரு சண்டையா?

எட்டு வருடத்துக்கு முன், பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசையான வாணி விழாவில் வந்த சண்டை அது. நீர்கொழும்பில் கடையில் வேலைக்கு நின்றபோது தயாபரன் கட்டிய சிங்களப் பெண் சிறியானி, மகள் தர்சனாவிடம் படையலுக்குத் தேங்காய்ப்பாலில் இறுக்கிய பாற்சோறு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். “அதுக்குள்ள மாசிக்கருவாடு இருக்கு” என்று பவதாரணியின் மகள் நிசாந்தினி வகுப்பில் சொல்ல, மீன் கலந்த மச்சம் என்று ஒருவரும் தொடவில்லை.

“ஆரடி உனக்குச் சொன்னது?” பவதாரணி மகளை அதட்டினாள்.

“நீங்கள்தானேம்மா. தண்ணியைத் தவிர எல்லாத்துக்கும் சிங்களச் சனம் மாசி போடுவினம் எண்டு கிணத்தடியில சொன்னனீங்கள். எல்லாரும் சிரிச்சவை.”

சித்திரை வருடப்பிறப்புக்குச் சிறியானி கொடுத்துவிடும் பாற்சோற்றை இரண்டு தரம் கேட்டுத் தின்றவள் பவதாரணி. மாசி தொட்டுக்கொள்ளும் சம்பலுக்குள்தான், அதுவும் தனிக் கிண்ணத்தில் வரும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தயாபரனின் குரல் இறங்கியது. “அவள் மூண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகேல்லை, அக்கா. மார்கழியில சோதினை. நாளைக்குப் பள்ளிக்கூடம் வந்து, பகிடிக்குச் சொன்னனான் எண்டு பிள்ளையளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாப் போவாள்.”

“ஓம், வாறன்.”

மறுநாள் நல்ல சேலை கட்டித்தான் புறப்பட்டாள். கடை வாசலில் நின்ற மேரிஜோசப்பின் என்ற அயலவள், “எங்க வெளிக்கிட்டாச்சு?” என்றாள். ஊராரின் போக்குவரத்தையெல்லாம் விசாரிப்பவள் பவதாரணிதான்.

“சந்தைக்கு,” என்றாள். சந்தைக்கே போனாள். அடுத்த நாளாவது பள்ளிக்கூடம் போக இருந்தாள்; போகவில்லை.

பத்தாம் நாள் தயாபரன் வீட்டு வாசலில் சாமான் ஏற்ற லொறி நின்றது.

இப்போதும் பின்னேரங்களில் அவளுக்கு அந்த இரண்டு பிள்ளைகளின் நினைவுதான். ஒரே சைக்கிளில் குறிகாட்டுவான் துறைக்குப் போவார்கள். நயினாதீவுக்குப் போகும் சிங்கள யாத்திரிகரோடு தர்சனா கதை கொடுத்து, கொக்கிஸ் பலகாரம் வாங்கி வருவாள். பாதி பவதாரணிக்கு. அந்தச் சிரிப்புச் சத்தம் படலைக்கு முன்னமே வந்துவிடும்.

தர்சனா நீர்கொழும்பில் சோதினை எழுதித் தாதியானாள். போன ஆவணியில் சிலாபத்துப் பொடியன் ஒருவனைக் கட்டினாள்; பவதாரணிக்குச் சொல்லவில்லை. நிசாந்தினி சுருவில் ஊர் மாப்பிள்ளையோடு சுவிஸில். தயாபரனின் வீட்டை வாங்கியவர்கள் கனடாவில்.