பெருக்க வேண்டாத இடம்

பிப்ரவரி 10, செவ்வாய். இன்று வகுப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். டானிகா கேட்டபோது "விட்டுட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சின்னப் பொய்தான். ஆனால் என் வயிறே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவ்வளவு எழுதிவிட்டு டாரியா பேனாவை மூடினாள். எந்த வகுப்புக்குப் போனாலும் திரும்பிவந்து நாலு வரி எழுதாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எழுதிய பிறகு, எழுதியது சரிதானா என்று ஒரு சந்தேகம் வரும். அதுவும் வழக்கம்தான்.

கனடாவின் யார்க்டன் ஊரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில், பிள்ளை பெற்றவர்களுக்கான அந்தப் பிலாட்டிஸ் உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. தரையில் பாய் விரித்து ஆறு அம்மாக்கள் படுத்திருப்பார்கள். சுவரோரம் கூடைகளில் குழந்தைகள் தூங்கும், அல்லது தூங்குவதுபோல் பாவனை செய்யும். டாரியாவின் மகள் மார்த்தாவுக்கு மூன்றாவது மாதம். டாக்டர் சரி என்று சொன்ன மறுவாரமே டாரியா சேர்ந்துவிட்டாள்.

அன்றைக்கு மல்லாந்து படுத்து, தலையை லேசாகத் தூக்கச் சொல்லியிருந்தாள் வகுப்பை நடத்தும் டானிகா. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். டாரியா தூக்கினாள். அவள் வயிற்றின் நடுவில், விலா எலும்புக்குக் கீழேயிருந்து தொப்புள்வரை, ஒரு மேடு எழும்பி நின்றது.

"டாரியா, நடுவுல என்ன அது, கூரை போடுறீங்களா? மூச்சு விடுறீங்களா இல்லையா?"

"விட்டுட்டுதான் இருக்கேன்."

"நீங்க ஒண்ணு சொல்றீங்க, வயிறு வேற சொல்லுதே."

பக்கத்துப் பாயில் இருந்தவள் சிரித்ததில் அவளுடைய இடுப்பு தொப்பென்று தரையில் விழுந்தது.

வகுப்பு முடிந்ததும் டானிகா அருகில் வந்து உட்கார்ந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து போன இலையுதிர்காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்தவள். டாரியாவை விட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருக்கலாம்.

"பாரம் தூக்குற வேலையா உங்களுக்கு? மூச்சைப் பூட்டி வெச்சே பழகின மாதிரி இருக்கு."

"இல்ல. கர்லிங் ஆடுவேன்."

"ஓ, அந்தப் பனிக்கட்டி மேல பெருக்குறது?"

"பெருக்குறது மட்டும் இல்லைங்க. கல்லை வழுக்கவிட்டு அந்தக் கோடியில இருக்கிற வட்டத்துக்குள்ள நிறுத்தணும், முன்னால பெருக்கித் தேச்சா அது இன்னும் தூரம் போகும்." டாரியாவுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. பனியில் பதித்த ரப்பர் மிதியில் ஒரு காலை ஊன்றி உந்தி, மற்றக் காலில் முழுக்கத் தாழ்ந்து, கல்லோடு சேர்ந்தே வழுக்கிக்கொண்டு போவதை அந்தப் பாயின் மேலேயே செய்து காட்டினாள். "உந்தினதுல இருந்து கல்லு கைய விட்டுப் போற வரைக்கும் மூச்சு விடக்கூடாது. விட்டா கை ஆடும்."

"யார் சொன்னது?"

"யாரு சொன்னதா? ஊருல எல்லாரும் அப்படித்தான்."

"ஊருல எல்லாரும் இப்போ பிள்ளை பெத்தவங்களா?" என்றாள் டானிகா. "மூச்சைப் பிடிச்சா உள்ளே இருக்கிற அழுத்தம் முழுக்க முன்பக்கமும் கீழேயும் போய் முட்டும். ரெண்டு இடமும் உங்களுக்கு இன்னும் ஆறல."

கீழே என்று அவள் சொன்னது என்னவென்று டாரியாவுக்குத் தெரியும். தும்மினாலே தெரிகிற விஷயம்.

பிரச்சினை வயிறு மட்டும் இல்லை. ஜோலீன் கேப்டனாக இருக்கும் கர்லிங் அணியில் டாரியா துணைக் கேப்டன். வயிறு பெரிதானபோது விலகி நின்றாள். அவள் இடத்தில் ஜோலீனின் அண்ணன் மகள் கென்ட்ரா ஆடிக்கொண்டிருந்தாள். மார்ச் கடைசியில் ஊரின் பெண்கள் போட்டி. "திங்கக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் பலகையில பேரு எழுதணும்டி. வர்றியா, இல்ல கென்ட்ராவையே போடட்டா?" என்று ஜோலீன் கேட்டிருந்தாள். ஒரு பருவம் விட்டால் கென்ட்ரா நிலைத்துவிடுவாள். அவள் நன்றாக ஆடுகிறாள் என்பதுதான் டாரியாவை உறுத்தியது.

புதன்கிழமை மசாஜுக்குப் போனாள். ஒடெட் அதே மாடியில் அடுத்த அறையில் இருந்தாள். மருத்துவ மசாஜ் படித்தவள். கர்லிங்கில் எதிரணியின் கேப்டனும் அவள்தான்.

"மூச்சை இழுத்து விடு. இடது இடுப்பு ரோட்டோரப் பனிக்குவியல் மாதிரி இறுகிக் கிடக்கு," என்றாள் ஒடெட், முழங்கையால் அழுத்தியபடி. "பாலு குடுக்கும்போது ஒரே பக்கமா சாஞ்சு உக்காருறியா?"

"ஆமா."

"தோளும் அதனாலதான். தலகாணி வெச்சுக்கோ." முழங்கையைத் தோளுக்கு மாற்றினாள். "நியாயமாப் பாத்தா நான் உன்னை இப்படியே விட்டுடணும். நீ திரும்பி வந்தா என் அணிக்கு நஷ்டம்."

"எனக்கு என் மேல அவ்வளவு நம்பிக்கை இல்ல, ஒடெட்."

"எனக்கு இருக்கு. அதான் பயமா இருக்கு. திரும்பிப் படு."

சனிக்கிழமை பகலில் கர்லிங் அரங்கம் காலியாக இருந்தது. டானிகா தானே வருகிறேன் என்று வந்தாள். கண்ணால் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றாள். நகரத்துக் காலணியோடு பனியில் கால் வைத்தவள் உடனே தடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜோலீன் கைகட்டி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாரியாவின் கணவன் ப்ரென்ட் மார்த்தாவை மடியில் வைத்துக்கொண்டு பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

டாரியா உந்தினாள். பழைய பழக்கம், மூச்சு நின்றது. பாதி வழியிலேயே கீழே ஒரு கனம் இறங்கியது. கல்லை விட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும், அது வேணாம்," என்றாள் டானிகா. "இன்னும் சில மாசத்துக்கு அவ்வளவு தாழ்ந்து போகாதீங்க. இதை நின்னுக்கிட்டே செய்ய வழி இல்லையா?"

வழி இருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்தது. நுனியில் கொக்கி உள்ள நீளத் தடி. அதைக் கல்லின் கைப்பிடியில் மாட்டி நடந்தபடியே தள்ளலாம். வாரநாள் மத்தியானத்தில் முழங்கால் தேய்ந்த தாத்தாக்கள் ஆடுவது அப்படித்தான்.

"தடியா!" ஜோலீன் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியே பல்செட்டும் வாங்கிக்கடி."

டாரியா தடியை எடுத்தாள். நடந்தாள். டானிகா, "ஊதுங்க, ஊதிட்டே இருங்க," என்று தடுப்பைப் பிடித்தபடியே கத்தினாள். டாரியா ஊதினாள். கை ஆடவில்லை. கல் நேராகப் போய் வட்டத்தின் விளிம்பில் நின்றது. இன்னொன்று போட்டாள். அது இன்னும் உள்ளே போனது. ஜோலீனின் சிரிப்பு நின்றது.

"சரி, கல்லு ஓகே," என்றாள் டானிகா. "அப்புறம் அந்தப் பெருக்குறதைக் காட்டுங்க."

ஜோலீன் துடைப்பத்தை எடுத்து, ஓடும் கல்லின் முன்னால் உடம்பு முழுவதையும் சாய்த்துத் தேய்த்துக் காட்டினாள். ஊரிலேயே அவளைப்போல் தேய்க்க ஆள் கிடையாது. டானிகா வாய்பிளந்து பார்த்தாள். பிறகு டாரியா பக்கம் திரும்பி, "இது கண்டிப்பா முடியாது. மூச்சு விட்டாலும் முடியாது," என்றாள்.

ஒவ்வொரு சுற்றிலும் துணைக் கேப்டன் நாலு கல்லுக்குத் தேய்த்தாக வேண்டும். முதலிரண்டு பேருக்கு ஆறு கல். அப்போ முடிந்தது என்று நினைத்தபடி டாரியா கையுறையைக் கழற்றினாள். பிறகு கழற்றிய கையுறையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அணியில் நாலு பேர். அதில் ஒருவர் மட்டும் தேய்ப்பதில்லை. வட்டத்தில் நின்று, கல் எங்கே போக வேண்டும் என்று காட்டி, கடைசிக் கல்லைப் போடுகிறவர்.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"ஜோலீன், கேப்டன் இடத்தை எனக்குக் கொடு."

"என்னது?"

"கேப்டன் பெருக்க வேணாம். தடியால போடலாம். நீ என் இடத்துக்கு வா. உன் கை அங்கே சும்மா கிடக்குது. பத்து வருஷமா பெருக்குறதுல நீதான் கெட்டிக்காரி, ஆனா பெருக்காத இடத்துல நிக்கிறே."

"என் அணியில என் இடத்தையே கேக்குறியாடி? பிள்ளை பெத்ததும் தைரியம் வந்துடுச்சா?"

"தைரியம் இல்ல. வேற இடம் இல்ல."

ஜோலீன் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். "ப்ரென்ட்! உம் பொண்டாட்டிக்கு என்ன போட்டுக் குடுக்குற?"

ப்ரென்டுக்கு எதுவும் கேட்கவில்லை. மார்த்தாவின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினான்.

"திங்கக்கிழமை ஒரு ஆட்டம்," என்றாள் ஜோலீன் கடைசியில். "ஒடெட் அணியோட. பாத்துட்டுச் சொல்றேன்."

திங்கட்கிழமை சாயங்காலம் டாரியா தடியோடு பனியில் இறங்கியதும் பக்கத்து ஆடுகளத்திலிருந்து ஒருவன், "தாத்தா, வழி தவறிட்டீங்களா?" என்றான். "பேரன் மாதிரி பேசாம உன் கல்லைப் பாரு," என்று ஜோலீனே திருப்பிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு சுற்றுகளில், குறி வைக்கச் சொல்லி டாரியா துடைப்பத்தால் காட்டிய இடத்தில் அவளுக்கே நம்பிக்கை இல்லை. மூன்றாவதில் பனி இடது ஓரத்தில் தேய்ந்து கல் அதிகம் வளைவதைக் கண்டாள். அதன்பின் குரல் மாறியது. "தேயி! தேயி! விடு, விடு!" ஜோலீன் தேய்த்தாள், முகம் சிவக்க, காளை மாதிரி மூச்சிறைக்க. நின்றுவிட வேண்டிய கற்களையெல்லாம் வட்டத்துக்குள் இழுத்துவந்தாள்.

கடைசிக் கல்லுக்கு வரும்போது ஒடெட் அணி ஒரு புள்ளி முன்னால். டாரியாவின் கல் ஒடெட்டின் கல்லை விட நடுவுக்குக் கிட்டே நின்றால் சமன். டாரியா ஊதியபடி நடந்து கல்லை விட்டாள். பாதையில் தப்பில்லை. வேகம் ஒரு துளி கூடிவிட்டது. கல் நடுப்புள்ளியைத் தாண்டி, ஒடெட்டின் கல்லை விட ஒரு கையகலம் தள்ளிப்போய் நின்றது.

தோற்றுவிட்டார்கள். கர்லிங் வழக்கப்படி ஜெயித்தவர்கள்தான் தோற்றவர்களுக்கு முதலில் குடிக்க வாங்கித் தர வேண்டும். ஒடெட் மேஜைக்குத் தட்டோடு வந்தாள்.

"மத்தவங்களுக்கு பீர். பாலு குடுக்குறவளுக்கு ஆப்பிள் ஜூஸ். எப்படி, இடுப்பு வலிக்குதா?"

"இல்ல," என்றாள் டாரியா. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று கவனித்தாள். கீழே கனம் இறங்கவும் இல்லை. "ஆனா கடைசிக் கல்லு..."

"கடைசிக் கல்லு வேகம் கூடிடுச்சு," என்றாள் ஜோலீன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆனா அந்த இடது ஓரத்தை நான் பாக்கவே இல்லடி. நானா இருந்தா அஞ்சாவது சுற்றுலேயே கவுத்திருப்பேன். பத்து வருஷமா அந்த வட்டத்துல கம்பம் மாதிரி நின்னு குளிர்ல விறைச்சிருக்கேன். இன்னிக்கி வேர்த்துச்சு."

எழுந்து பலகையருகே போனாள். கென்ட்ராவின் பெயரை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் எழுதினாள். துணைக் கேப்டன் என்ற இடத்தில் தன் பெயர். அதற்கு மேலே டாரியா கோவல்சுக் என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"வர்றியா கேப்டன், கார் வரைக்கும் குழந்தைக் கூடைய நான் தூக்குறேன்."

வீட்டுக்கு வந்து மார்த்தாவுக்குப் பால் கொடுத்தாள், தலகாணி வைத்து. பிறகு டாரியா எழுதினாள்: தோல்வி. கடைசிக் கல்லில் வேகம் அதிகம். தடியைத் தள்ளாமல் நடையின் வேகத்திலேயே விட வேண்டும் என்று தோன்றுகிறது, சரியா தெரியவில்லை. நாளை செவ்வாய்: காலையில் அரங்கத்துக்குப் போய்த் தடியோடு நடை மட்டும் பழக வேண்டும். சாயங்காலம் வகுப்பு.